எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வர வேண்டாம், மாமா

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மருமகள் பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும் அத்தையும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்றுதான் எழுதத் தொடங்கினேன். சௌக்கியமாக இருக்க வீட்டில் இடம் இல்லாததால் அந்த வரியை அடித்துவிட்டேன். கடிதத்தில் முதலில் நலம் விசாரிக்க வேண்டும், பிறகுதான் விஷயத்துக்கு வர வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். நலம் விசாரித்தாயிற்று. விஷயம் என்னவென்றால், வருகிற வியாழக்கிழமை வெளிநாட்டு விருந்தினர்களோடு எங்கள் கார் தொழிற்சாலைக்கு வருவதாகவும், சுற்றிக் காட்டி முடித்ததும் "என் தங்கச்சி கையால ஒரு டீ" என்று அவர்களை எங்கள் வீட்டுக்கு அழைத்து வரப்போவதாகவும் அம்மாவிடம் போனில் சொன்னீர்களாம். தயவுசெய்து வர வேண்டாம், மாமா. ஓட்டலில் டீ நன்றாக இருக்கும்.

தங்கை மகள் இப்படி எழுதுகிறாளே என்று கோபப்படாதீர்கள். நான் பயந்துபோய்த்தான் எழுதுகிறேன். போர்வைக்குள் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா விழித்துக்கொண்டால் தொலைந்தேன். அப்பா தூங்குவதே இல்லை என்பதால் விழித்துக்கொண்டால் என்பது சரியில்லை, எழுந்து வந்தால் தொலைந்தேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். நான் படுத்திருப்பது கட்டில்தான், ஆனால் கட்டிலின் நான்கு கால்களும் இப்போது தரையில் இல்லை. அடியில் அடுக்கிய பெட்டிகளின் மேல் இருக்கின்றன. திரும்பிப் படுத்தால் பிரேக் சாமான்கள் கிணுகிணுக்கும். அதனால் நான் திரும்பிப் படுப்பதை விட்டு ரொம்ப நாளாகிறது.

எல்லாம் தாங்கள் பேசிய அன்று தொடங்கியது. தாங்கள் பயிற்சிக்காக வெளிநாடு போய்த் திரும்பி, தலைமை அலுவலகத்திலிருந்து லீன் முறையைச் சொல்லிக்கொடுக்க இங்கே வந்தீர்களே, அன்று பணியாளர் குடும்பங்களையும் கூப்பிட்டிருந்தார்கள், கேக் கொடுத்தார்கள், அதனால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேடையில் ஒரு தண்ணீர் டம்ளரைத் தூக்கிக் காட்டி, "தாகம் எடுக்கிறப்ப தண்ணி வந்தா போதும். வீடு பூரா குடம் குடமா பிடிச்சு வைக்கிறது ஒரு வியாதி!" என்றீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா மட்டும் என் காதில், "உங்க மாமா வீட்டுக் குழாயில தினமும் தண்ணி வருதுபோல" என்றாள். அதற்கப்புறம் தாங்கள், தேவைக்கு முன்னால் வாங்கி வைக்கும் ஒவ்வொரு திருகாணியும் பாவம், அந்தப் பாவம் குடியிருக்கிற அரண்மனைதான் ஸ்டோர்ஸ் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வந்து, அப்பாவின் தோளில் கை போட்டு, "இவர் யாரு தெரியுமா? எங்க மாப்பிள்ளை. இந்த அரண்மனைக்கு இவர்தான் ராஜா. நாளைக்கே காலி பண்ணிக் காட்டுவார் பாருங்க!" என்றீர்கள். அப்பா சிரித்தார். அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும்போது சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. தங்கள் சிபாரிசில்தான் அப்பாவுக்கு இந்த வேலையே கிடைத்தது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். மச்சான் ஊரைக் கூட்டி வைத்துச் சொன்ன பிறகு மாப்பிள்ளை முடியாது என்று சொல்ல முடியுமா?

மறுநாளே காலி பண்ணினார். இரும்பு அலமாரிகளை அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். தரைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, எது எங்கே இருக்க வேண்டும் என்று மஞ்சள் நாடாவால் கட்டம் கட்டினார்கள். கட்டத்துக்குள் வைக்கத்தான் ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு தொட்டிச் செடி வைத்தார்கள். கதவில் "இருப்பு: பூஜ்யம்" என்று பெரிதாக எழுதிப் போட்டார்கள். அப்பா தினமும் போய் அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு அதற்குப் பக்கத்தில் நிற்பார். ஸ்டோர் கீப்பருக்கு மிச்சம் இருந்த ஒரே சரக்கு அதுதான்.

அந்த வாரமே மழை. கதவுக் கீல் ஏற்றி வந்த லாரி வழியில் சேற்றில் மாட்டிக்கொண்டது. கார்கள் கதவில்லாமல் வரிசையில் நகர்ந்து வந்து, பிறகு நகராமல் நின்றுவிட்டன. லைன் நின்றால் தொழிற்சாலையில் எப்படி இருக்கும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். சத்தமெல்லாம் அடங்கி ஒருத்தர் தும்முவது எல்லோருக்கும் கேட்குமாம். அந்த அமைதியில் மேனேஜர் பெரிய சார் ஸ்டோர்ஸுக்கு வந்தார்.

"கீல் எங்கே?"

"சார், லாரி வரல."

"ஸ்டோர்ஸ்லேர்ந்து எடுத்துக் குடு."

"சார், நீங்கதானே எதுவும் வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்க?"

"வைக்கக் கூடாதுன்னுதான்யா சொன்னேன். இல்லாம இருக்கச் சொன்னேனா?"

அப்பா அன்றிரவு சாப்பிடும்போது இந்த வாக்கியத்தை ஒரு கணக்கு மாதிரித் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். வைக்கக் கூடாது. இல்லாமலும் இருக்கக் கூடாது. அம்மா சொன்னாள்: "இதுல என்ன குழப்பம்? எனக்குக் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து வீட்டுச் செலவுக்கு இப்படித்தானே சொல்லிட்டிருக்கீங்க."

கீல் அனுப்புகிறவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலையில் அவருக்குக் கிளம்பிட்டார் என்று பெயர். எந்த நேரத்தில் போன் செய்தாலும் "வண்டி கிளம்பிடுச்சு சார்" என்பார். "எப்ப கிளம்புச்சு?" என்று அப்பா கேட்டால், "இப்பத்தான் சார், என் கண்ணு முன்னாடி வளைவுல திரும்புது" என்பார். அவருக்குப் பின்னால் டிரைவர், "அண்ணே, இன்னைக்கு லோடு உண்டா, இல்ல நான் வீட்டுக்குப் போகவா?" என்று கேட்பது போனில் தெளிவாக விழும். தாங்கள் போய்ப் படித்த நாட்டில் சப்ளையர்கள் எல்லோரும் தொழிற்சாலை வாசலிலேயே கடை வைத்திருப்பது மாதிரிதான் அப்பா சொல்கிறார். கிளம்பிட்டார் இருப்பது மலைக்கு அந்தப் பக்கம். நடுவில் ஒரு பாலம், அதில் ஒரு நேரத்தில் ஒரு லாரிதான் போகலாம், எது முதலில் போவது என்று டிரைவர்கள் இறங்கிப் பேசித் தீர்மானிப்பார்கள். அதைத் தாண்டினால் ரயில் கேட். அதையும் தாண்டினால் ஒரு சோதனைச் சாவடி, அங்கே லாரிக்கு எத்தனை சக்கரம் என்று எண்ணுவார்கள், திருப்தி ஏற்படும்வரை எண்ணுவார்கள். "முறையில ஒரு குத்தமும் இல்லம்மா. கிளம்பிடுச்சுன்னு சொன்னா கிளம்பியிருக்கணும், அது ஒண்ணுதான் அதுக்கு வேணும்" என்று அப்பா என்னிடம் சொன்னார். தங்களை விட்டுக்கொடுத்து அப்பா ஒரு நாளும் பேசியதில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

கிளம்பிட்டாரும் பாவம்தான். அவருடைய மெஷினில் வலது பக்கக் கீலுக்கு ஓர் அச்சு, இடது பக்கத்துக்கு வேறோர் அச்சு. அச்சை மாற்ற அரை நாள் ஆகும். மாற்றி முடிக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போய்விடும். அதனால் வலது அடிக்கத் தொடங்கினால் வாரம் முழுக்க வலதாகவே அடித்துத் தள்ளிவிடுவார். தாங்கள் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அனுப்ப வேண்டும் என்று விதி வந்ததும், அவருக்கு மலை மாதிரிக் குவிந்த சாமானை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அப்பாவுக்கோ, லாரி வராத நாளுக்கு நான்கு பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் போதும் என்ற தவிப்பு. பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பால் எங்கள் வீடு.

முதலில் ஒரே ஒரு பெட்டிதான் வந்தது. "ரெண்டு நாளைக்குத்தான்" என்றார் அப்பா. அதற்குத் துணையாக இன்னொன்று வந்தது. கீலுக்கு இடம் கிடைத்த செய்தி மற்ற சப்ளையர்கள் காதுக்கும் போய், எங்களுக்கும் ஓர் ஓரம் கொடுங்கள் என்று பிரேக்காரர் வந்தார், ஹாரன்காரர் வந்தார், ரப்பர்காரர் வந்தார், ஸ்டீரிங்காரர் வந்தார். லீன் என்றால் என்ன என்று அகராதியில் பார்த்தேன், மெலிந்த என்று போட்டிருந்தது. மெலிந்தது அப்பா. பெருத்தது வீடு. இப்போது எங்கள் வீட்டில் சோபா என்று தாங்கள் நினைத்துக்கொண்டு உட்காரப்போவது சோபா இல்லை மாமா, மெத்தை விரித்த பிரேக் பெட்டிகள். உண்மையான சோபாவை அம்மா விற்றுவிட்டாள். சாப்பாட்டு மேசைக்குக் கால் கிடையாது, ஹாரன் பெட்டிகள்தான் கால். நான் வீட்டுப்பாடம் செய்கிற மேசை கொஞ்சம் ஆடினாலும் உள்ளே ஒன்று லேசாகப் பீங் என்னும். வெயிலில் ரப்பர் இளகிவிடும் என்று ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறோம். பால் வெளியே இருக்கிறது. போன மாதம் அம்மா என் அலமாரியையும் திறந்து பார்த்தாள். என் பள்ளிக்கூட யூனிஃபார்ம் இப்போது குளியலறைக் கதவில் தொங்குகிறது.

"இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு பீரோ இருந்துச்சு" என்று அம்மா ஒரு நாள் ஆரம்பித்தாள்.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கம்மா."

"உங்க லைன் ஒரு நிமிஷம் பொறுக்காது. நான் மட்டும் ஆயுசுக்கும் பொறுக்கணுமா?"

"உங்க அண்ணன் கொண்டுவந்த முறைதானே."

"ஆமா, எங்க அண்ணன் கொண்டுவந்த மாப்பிள்ளையும்தான்."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் சாமான் மட்டும் நேரத்துக்குப் போனது. எப்படியென்றால், லைனில் ஏதாவது தீரப்போகிறது என்று தெரிந்ததும் அப்பா வீட்டுக்குப் போன் செய்வார். பக்கத்தில் ஆள் இருப்பார்கள் என்பதால் வெளிப்படையாகப் பேச முடியாது. "சமையல் ஆச்சா?" என்றால் பிரேக். "வாசல் கூட்டியாச்சா?" என்றால் கீல். "பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு?" என்றால் அவசரம், ஓடிவா என்று அர்த்தம். அம்மா பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி, மேலே துணி போர்த்தி, சப்ளையர் வாசல் வழியாகக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவாள். ஒரு தடவை எனக்கு உண்மையிலேயே காய்ச்சல் வந்துவிட்டது. அம்மா பதறிப்போய்ப் போன் செய்து, "பிள்ளைக்குக் காய்ச்சல், நெருப்பா கொதிக்குது" என்றாள். அப்பா அந்தப் பக்கத்திலிருந்து, "எத்தனை பெட்டி?" என்றார்.

இதையெல்லாம்விட வேடிக்கை, தங்களிடம் மறைக்க மனம் வரவில்லை, தொழிற்சாலை நுழைவாயிலில் சொன்ன நேரத்துக்குச் சரக்குக் கொண்டுவரும் சப்ளையர்களின் பெயர்ப்பலகை இருக்கிறதல்லவா, அதில் பல மாதங்களாக முதலிடத்தில் இருப்பது "உள்ளூர் வினியோகஸ்தர்". அது அம்மாதான். தாங்கள் அந்தப் பலகையைப் படம் பிடித்து, மற்ற ஊர்த் தொழிற்சாலைகளுக்கெல்லாம் காட்டி, முறை எப்படி வேலை செய்கிறது பாருங்கள் என்று பேசுவதாகக் கேள்விப்பட்டோம். அம்மா அன்று மட்டும் கொஞ்சம் பெருமையாக இருந்தாள்.

இப்போது என் பயத்துக்கு வருகிறேன். தொழிற்சாலையில் ஒரு யோசனைப் பெட்டி வைத்தார்கள். "அச்சமின்றி எழுதுங்கள், பெயர் வேண்டாம்" என்று அதன் மேல் எழுதியிருந்தது. அப்பா பல நாள் அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "உன் எழுத்து அங்க யாருக்கும் தெரியாது. நான் சொல்றத எழுது" என்றார். நான் எழுதினேன்: "ஐயா, நம் ஊர்ச் சாலைக்கும் நம் ஊர் மழைக்கும் ஸ்டோர்ஸில் ஒரே ஓர் அலமாரி இருந்தால் நல்லது. இப்படிக்கு, ஒரு தொழிலாளி." அவ்வளவுதான் மாமா. ஒரே ஓர் அலமாரி. மறுநாளே, பழைய மனப்பான்மை கொண்ட இந்த ஆள் யார் என்று கண்டுபிடிக்க ஒரு குழு போட்டார்கள். எல்லோருடைய கையெழுத்தையும் வாங்கி ஒப்பிட வேண்டிய பொறுப்பை, ரொம்பவும் நேர்மையானவர் என்று அப்பாவிடமே கொடுத்தார்கள். தாங்களும் அந்தத் தாளைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கித் திரையில் காட்டி, "இதுதான் நம்ம எதிரி!" என்று பேசினீர்களாம். அப்பா வீட்டுக்கு வந்து, "உன் எழுத்து திரையில ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. 'ழ' எல்லாம் அச்சடிச்ச மாதிரி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு அந்தத் தாளின் நகலை, எழுதியவரை அடையாளம் காட்டுங்கள் என்று வாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். அந்த வாசல் காவல் அதிகாரியின் மகள் என் வகுப்புதான். தன் அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனவள் அதைப் பார்த்துவிட்டாள். என் நோட்டைப் பார்த்துத் தினமும் எழுதுகிறவள் அவள், என் எழுத்து அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? மறுநாள் பெஞ்சில் என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, "ஒரு தொழிலாளி சௌக்கியமா?" என்றாள். அன்றிலிருந்து அவளுடைய கணக்கு, வரைபடம், கட்டுரை எல்லாம் நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். போன சனிக்கிழமை, நோட்டு வாங்கிப் போகிறேன் என்று சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே வந்துவிட்டாள். கூடத்தைப் பார்த்தாள்.

"உங்க வீட்டுல எதுக்குடி இத்தனை ஸ்டீரிங்?"

எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். "எங்கப்பா வண்டி ஓட்டப் பழகுறார்."

"அத்தனையிலுமா?"

"அவருக்குச் சீக்கிரம் வரலை."

அவள் நோட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். படியிறங்கும்போது, "வியாழக்கிழமை பெரிய ஆளுங்க வராங்களாமே, எங்கப்பா சொன்னாரு. அன்னைக்கு என் அறிவியல் படத்தை மட்டும் நல்லா கலர் பண்ணிக் குடுத்துடு" என்றாள். எவ்வளவு கலர் பண்ணினாலும் போதுமா என்று தெரியவில்லை, மாமா. கைவசம் உள்ள பச்சை தீர்ந்துவிட்டது.

தாங்கள் வருகிற செய்தி வந்ததிலிருந்து வீடு வீடாக இல்லை. சாமான்களை எங்கேயாவது மாற்றலாம் என்று அப்பா பக்கத்து வீட்டில் இருக்கும் தொழிற்சாலைப் பெயின்டர் அண்ணனிடம் போய்க் கேட்டார். அவர் கதவை முழுக்கத் திறந்து காட்டினார். உள்ளே பம்பர்கள் மட்டும்தான் இருந்தன, அவர் மனைவி எங்கேயோ நடுவிலிருந்து "யாருங்க?" என்றார். கிளம்பிட்டாரிடம், தயவுசெய்து வியாழக்கிழமை மட்டும் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்று அப்பா கெஞ்சினார். "கவலையே படாதீங்க சார், வண்டி கிளம்பிடுச்சு" என்றார்.

நேற்று அப்பாவும் அம்மாவும் சமையலறையில் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. தங்களிடம் சொல்லக் கூடாது என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது ஒன்றுதான்.

"அண்ணன்கிட்ட உண்மையச் சொல்லிடலாங்க. என்ன கொன்னா போட்டுடுவாரு?"

"எதைச் சொல்றது? இதுக்கெல்லாம் பில்லும் கிடையாது, ரசீதும் கிடையாது. கம்பெனிக்குத் தேவையான சாமான் கம்பெனி ஆள் வீட்டுல இருந்தா அதுக்குப் பேரு என்ன? திருட்டு. வேற பேரு கிடையாது."

"நீங்க ஒரு திருகாணிகூட வித்ததில்லையே."

"அது உனக்குத் தெரியும். அந்த வெளிநாட்டுக்காரங்க முன்னாடி மச்சான் என்னை ஒரு பார்வை பார்ப்பாரே, அப்ப அவருக்குத் தெரியுமா? என் தங்கச்சிய இவன்கிட்டயா குடுத்தேன்னு தோணாதா?" பிறகு அப்பா சொன்னார்: "புதன்கிழமையே வேலைய எழுதிக் குடுத்துடறேன். ஸ்டோர் கீப்பரா இல்லாத ஆளு வீட்டுல என்ன கிடந்தா யாருக்கு என்ன?"

அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள். அவள் அப்படி நிறுத்தி நான் பார்த்ததில்லை. சண்டையின் நடுவில்கூடக் கழுவுவாள்.

அப்பாவுக்கு வேறு எந்த வேலையும் தெரியாது மாமா. எந்தத் திருகு எந்த ஓட்டைக்கு என்பது மட்டும்தான் தெரியும். வேலையை விட்டுவிட்டால் எனக்குப் பள்ளிக்கூடமும் இருக்காது, இந்த வீடும் கம்பெனி வீடு, அதுவும் இருக்காது. அதனால் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். வியாழக்கிழமை தாங்கள் வயிற்று வலி என்று சொல்லிவிடுங்கள். இல்லை, வந்துதான் ஆக வேண்டுமென்றால் விருந்தினர்களை நின்றுகொண்டே டீ குடிக்கச் சொல்லுங்கள், அவர்கள் ஊரில் அது வழக்கம் என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். ஃப்ரிட்ஜைத் திறக்க வேண்டாம். மேசை மேல் முழங்கையை ஊன்ற வேண்டாம். யாராவது கேட்டால், இந்த நாட்டில் வீடுகள் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிடுங்கள், அவர்கள் நம்புவார்கள். எல்லாம் முடிந்து அவர்கள் விமானம் ஏறிய பிறகு, பெரிய சாரிடம் மெதுவாக, தங்களுக்கே தோன்றிய மாதிரி, ஒரே ஓர் அலமாரி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்பா சொன்னார் என்றோ நான் எழுதினேன் என்றோ சொல்லக் கூடாது. இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது இந்த எழுத்தை எங்கேயோ பெரிதாகப் பார்த்த மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால், அதைப் பற்றியும் யோசிக்க வேண்டாம்.

டார்ச் மங்குகிறது. அத்தைக்கு என் அன்பையும் வணக்கத்தையும் சொல்லவும். தாங்கள் நீடூழி வாழ வேண்டும், தங்கள் வீட்டில் நாற்காலிகள் நாற்காலிகளாகவும் கட்டில்கள் கட்டில்களாகவும் என்றென்றும் இருக்க வேண்டும் என்று மனமார வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகள்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். காலையில் நாங்கள் எழுந்திருப்பதற்கு முன்பே யாரோ கதவைப் படபடவென்று தட்டினார்கள். அப்பா, "வந்துட்டாங்க" என்றார். எழுந்து முகம் கழுவி, நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, விலங்கு மாட்ட வசதியாக இரண்டு கைகளையும் முன்னால் சேர்த்து வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் போய் நின்றார். அம்மா கதவைத் திறந்தாள். அத்தை நின்றுகொண்டிருந்தார்கள், கையில் பெட்டியோடு. "உங்க அண்ணனோட இனி ஒரு நாள் இருக்க மாட்டேன், எனக்கு ஒரு மூலை குடு" என்று சொல்லிக்கொண்டே வந்து சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார்கள். சோபா அமுங்கவில்லை. அத்தை அழுகையை நிறுத்திவிட்டு, மெத்தையின் நுனியைத் தூக்கிப் பார்த்தார்கள். பிறகு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "இங்கயுமா?" என்றார்கள்.

தங்கள் படுக்கையறையில் இருக்கிற கியர்பாக்ஸ்களைப் பற்றி அத்தை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள், மாமா. கியர்பாக்ஸ் ஏற்றிய கப்பல் வராவிட்டால் தங்கள் ஊர்த் தலைமைத் தொழிற்சாலை நின்றுவிடும், அப்புறம் முறையைக் கொண்டுவந்தவர் முகத்தில் யார் விழிப்பார்கள் என்று தாங்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவந்து அடுக்கியதையும், அத்தையை ஹாலில் படுக்கச் சொன்னதையும், நடுச்சாமத்தில் எழுந்து அவற்றைத் துணி போட்டுத் துடைப்பதையும், "இது மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா என் மானமே போயிடும்" என்று சொல்லி அழுததையும்கூடச் சொன்னார்கள். அப்பா சேர்த்து வைத்திருந்த கைகளை மெல்லப் பிரித்தார். "பாவம், மச்சான்" என்றார். அவ்வளவு அன்பாக அப்பா தங்களைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, அதெல்லாம் நாலு கியரா, அஞ்சு கியரா?" என்றார்.

"எனக்கென்ன தெரியும்? எண்ணெய் வடியுது."

"பக்கவாட்டுல வட்டமா ஒரு மூடி துருத்திட்டு இருக்குமா?"

"இருக்கு. அதுலதான் தினமும் என் கால் இடிக்குது."

"அஞ்சு!" என்று அப்பா எழுந்து நின்றுவிட்டார். எங்களிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார், எங்கள் தொழிற்சாலையிலும் கியர்பாக்ஸ் தீர்ந்துகொண்டிருக்கிறது, வீட்டிலும் பெயின்டர் அண்ணன் வீட்டிலும் இல்லாத ஒரே சாமான் அதுதான், தங்கள் விருந்தினர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வியாழக்கிழமை லைன் நின்றுவிடும். பதவி விலகல் கடிதத்துக்கு எடுத்து வைத்த தாளில் இப்போது கியர்பாக்ஸ் இறக்க வேண்டிய வழியை வரைந்துகொண்டிருக்கிறார். நான் எழுதியதை முழுக்கப் படித்தும்விட்டார். "இப்படியே அனுப்பு, கீழ மட்டும் நான் சொல்றதச் சேர்த்துக்க" என்றார். சேர்த்துக்கொள்கிறேன். மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் கட்டாயம் வாருங்கள், மாமா. டீ தயாராக இருக்கும், விருந்தினர்கள் தாராளமாக உட்காரலாம், வரும் வழியில் வாசல் பலகையில் இருக்கிற அந்தத் தாளை மட்டும் கிழித்துவிட்டு வாருங்கள். அம்மாவும் ஒன்று சொல்லச் சொன்னாள்: கூடப்பிறந்தவள் வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு வர மாட்டார்கள். ஐந்து கியர் உள்ளதாகப் பார்த்து, எண்ணெயைத் துடைத்து எடுத்து வரவும்.